கொல்லையில் உணவுக் காடு: எந்த ஆண்டில் எதற்கு வெயில்?

வீட்டின் பின்புறம் 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உள்ள வெற்று நிலத்தில், பழ மரம், புதர், கீரை, கிழங்கு, கொடி எல்லாம் அடுக்கடுக்காக நின்று ஆண்டு செல்லச் செல்ல முதிர்ந்து வரும் ஓர் உணவுக் காட்டை எப்படித் தொடங்குவது, பலன் எப்போது கிடைக்கும், சில ஆண்டுகளுக்குப் பிறகு பராமரிப்பே தேவைப்படாது என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்ப மண்டலத்தில் வளரும் செடிகளை வைத்தே பதில் எழுதுகிறேன். குளிர் நாட்டில் இருப்பவர்கள் மாவின் இடத்தில் ஆப்பிளையும் வெட்டி உரமாக்கும் கிளைரிசிடியா மரத்தின் இடத்தில் ஆல்டர் மரத்தையும் வைத்துப் படித்தால் கணக்கு பெரும்பாலும் பொருந்தும்.

உணவுக் காட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது ஏழு அடுக்குப் படம்தான். உயர்ந்த மரம், அதன் கீழ் சிறு மரம், அதற்கும் கீழ் புதர், பிறகு மென்தண்டுச் சிறுசெடிகள், தரையில் படர்பவை, மண்ணுக்குள் கிழங்கு, இவை எல்லாவற்றின் மீதும் ஏறும் கொடி. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ராபர்ட் ஹார்ட் என்பவர் 1980களில் தம் வீட்டருகே ஒரு சிறு தோட்டத்தை இந்த முறையில் வளர்த்துக் காட்டிய பிறகு இந்தப் பட்டியல் உலகம் முழுவதும் பரவியது. ஜாவாவின் வீட்டுத் தோட்டங்களிலும், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் சக்கா மக்களின் வாழைத் தோப்புகளிலும் இதே அடுக்குமுறை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. படத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அது முதிர்ந்த காட்டின் ஒரு நாள் தோற்றத்தை மட்டுமே காட்டுகிறது. அதைப் பார்த்து நடுபவர் பத்தாம் ஆண்டில் நிற்க வேண்டியவற்றை முதல் ஆண்டிலேயே நட்டுவிட்டு, இடைப்பட்ட காலத்துக்கு எதையும் யோசிக்காமல் விட்டுவிடுகிறார். உண்மையில் திட்டமிட வேண்டியது வெயிலை: எந்த ஆண்டில் எந்தச் செடி அதை எடுத்துக்கொள்ளும், எப்போது அடுத்ததற்கு விட்டுக்கொடுக்கும் என்பதை நடும் அன்றே முடிவு செய்திருக்க வேண்டும். ஆகவே நடவுப் பட்டியலின் பக்கத்திலேயே வெட்டும் பட்டியல் ஒன்றையும் எழுதுங்கள்.

முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் நிலம் 200 சதுர மீட்டர். தடையின்றி வளர விட்ட ஒரு மாமரம் 8 மீட்டர் விட்டமுள்ள குடையை எளிதில் விரிக்கும். அதன் நிழல் மட்டும் ஏறக்குறைய 50 சதுர மீட்டர், அதாவது நிலத்தில் கால் பங்கு. பலாவும் அதே அளவு கேட்கும், நாவல் அதற்கும் மேல் கேட்கும். ஆக, பெரிய மரம் என்று மூன்றை வைத்தாலே மற்றவற்றுக்கு இடம் இல்லை. அதே மாமரத்தை ஆண்டுதோறும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவோடு வெட்டி, 4 மீட்டர் விட்டத்தில் நிறுத்தினால் அது 12.5 சதுர மீட்டரோடு முடிந்துவிடும். இவ்வளவு சிறிய நிலத்துக்கு என் பரிந்துரை: முழு உயரம் வளர ஒரே ஒரு மரம், கவாத்தால் அடக்கி வைக்கும் நடுத்தர மரங்கள் ஐந்தோ ஆறோ, மற்றவை புதரும் அதற்குக் கீழ்ப்பட்டவையும். கன்று வாங்கும்போது கையளவு உயரத்தில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் இடம் இருப்பதுபோலத் தோன்றும். தாளில் முதிர்ந்த குடையின் அளவுக்கு வட்டம் வரைந்து பார்த்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

உயர்ந்த மரம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில் சாய்ந்தே இருப்பதால், உயர்ந்தவற்றை வடக்கு ஓரத்தில் வைத்துத் தெற்கு நோக்கி உயரத்தைக் குறைத்து வருவது அங்கே சரியான விதி. வெப்ப மண்டலத்தில் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் உச்சிக்கு வடக்கிலும் மற்றொரு பகுதியில் தெற்கிலும் செல்கிறது. அங்கே அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் பெரிய பயன் இல்லை. கிழக்கு-மேற்கு வேறுபாடுதான் அங்கே முக்கியம். காலை வெயில் இதமானது, இலையில் தங்கிய ஈரத்தை விரைவில் உலர்த்திப் பூஞ்சை நோயைக் குறைக்கிறது; பிற்பகல் வெயிலோ இளஞ்செடிகளை வாட்டுகிறது. எனவே கிழக்கைத் திறந்து வைத்து, அடர்ந்த மரங்களை மேற்கு ஓரத்துக்குத் தள்ளுவது நல்லது. பெரிய மரம் எதையும் வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது 5 அல்லது 6 மீட்டர் தள்ளியே நட வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு குழி போதும். 30 செ.மீ. ஆழம் தோண்டி, நீர் நிரப்பி, அது முழுவதும் வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, இரண்டாம் முறை நீர்மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 2 முதல் 5 செ.மீ. இறங்கினால் கவலையில்லை. ஒரு நாள் கழித்தும் நீர் நின்றால், பப்பாளியையும் வெண்ணெய்ப் பழ மரத்தையும் அந்த இடத்தில் நேரடியாக நடக்கூடாது. தேங்கிய நீரில் அவற்றின் வேர் வெகு விரைவில் அழுகிவிடும். அங்கே அரை மீட்டர் உயரத்துக்கு மேடு அமைத்து அதன்மேல் நடலாம், அல்லது பள்ளத்தைச் சேம்புக்கு விட்டுவிடலாம். நீர் நொடியில் மறைந்துவிடும் மணல் நிலமானால் மக்கிய உரமும், மண்ணின்மேல் பரப்பும் இலைதழை மூடாக்கும் மிகுதியாகத் தேவைப்படும். நிலம் சரிவாக இருந்தால், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் ஆழமற்ற வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகக் குவித்து, மரங்களை அந்த வரப்பை ஒட்டி நடுவது மழைநீரை வேருக்கே இறக்கும். சமதளத்தில் இந்த வாய்க்கால் வெறும் அலங்காரம்தான்.

மூடாக்கு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காய்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய கிளை, எது கிடைத்தாலும் 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் பரப்ப வேண்டும். ஆனால் மரத்தின் தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு வெறுமையாக விட வேண்டும், இல்லையேல் எப்போதும் ஈரமாக இருக்கும் பட்டை அழுகும், கரையானும் ஏறும். அருகும் கோரையும் மண்டிய நிலமானால் முதலில் அட்டைப் பெட்டிகளை நாடா, ஊசி நீக்கி ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி விரித்து நனைத்து, அதன்மேல் மூடாக்கு போடுங்கள். அருகு அடங்கும்; கோரைக்கிழங்கு அட்டையையும் துளைத்துக்கொண்டு வரும், அதைத் தோண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மரத்தூளும் நறுக்கிய கிளையும் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அவற்றை மண்ணோடு கலந்து கிளறினால்தான் அந்தச் சிக்கல். மேலே பரப்பினால் மண்ணைத் தொடும் மெல்லிய படலத்தில் மட்டும் அது நிகழும், மரவேருக்குப் பாதிப்பு இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு: 200 சதுர மீட்டரில் 10 செ.மீ. கனம் என்றால் 20 கன மீட்டர் மூடாக்கு வேண்டும். ஒரே ஆண்டில் அவ்வளவைத் திரட்டுவது கடினம். வீட்டை ஒட்டிய 50 சதுர மீட்டரில் முதல் ஆண்டு தொடங்கி, அங்கே வளரும் இலைதழைகளை வெட்டி அடுத்த பகுதிக்கு மூடாக்காக்கி நகர்ந்து செல்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். மீதி நிலத்தில் அதுவரை சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மண்ணுக்குள் மடக்கிவிட்டால் மண் சும்மா கிடக்காது.

இனி நடவு. ஒரு மாங்கன்றைச் சுற்றி என்னென்ன நிற்க வேண்டும் என்று பார்த்தால் முழுக் காட்டின் அமைப்பும் புரிந்துவிடும். நடுவில் ஒட்டுக்கட்டிய மாங்கன்று. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது வேராக நிற்கும் அடிக்கன்றின் கிளை, அதைக் கண்டதும் கிள்ளிவிட வேண்டும். கன்றிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நான்கைந்து துவரை விதைகள். அவை அதே ஆண்டில் காய்த்து, கன்றுக்கு இளநிழலும் கொடுத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் தாமாகவே ஓய்ந்துவிடும். மேற்குப் பக்கம் ஒன்றரை மீட்டரில் ஒரு கிளைரிசிடியா போத்து (நடுவதற்கென வெட்டிய கிளைத்துண்டு). இது முழுக்க முழுக்க வெட்டுவதற்காகவே நடப்படுவது. இரண்டரை மீட்டரில் ஒரு வாழை, அதே தூரத்தில் மறுபக்கம் பப்பாளி. பப்பாளியில் ஆண், பெண் தனித்தனி மரமாக வரும் வகையானால் ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூவைப் பார்த்த பிறகு பெண்ணை நிறுத்தி, தோட்டத்துக்கு ஓர் ஆணை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்குங்கள். இடைவெளியில் மஞ்சள். அதற்கும் வெளியே சர்க்கரைவள்ளிக் கொடி தரையை மூடும்; அது கன்றின்மீது ஏறாதபடி வாரம் ஒருமுறை ஒதுக்கிவிட வேண்டும். 5 மீட்டர் வட்டத்துக்குள் இத்தனையும் நிற்பது மிகையான நெருக்கமாகத் தோன்றும். முதல் இரண்டு ஆண்டு அந்த நெருக்கம் வேண்டும். வெயில் படும் வெற்று மண் எங்கும் இருக்கக்கூடாது, இருந்தால் களை அந்த இடத்தைப் பிடிக்கும்.

கன்று பெரிதாக இருந்தால் விரைவில் காய்க்கும் என்று எண்ணி ஆளுயரக் கன்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் உள்ளேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுற்று அவிழாமல், மரம் பருத்ததும் தன் வேரே தன்னை நெரிக்கும். முழங்கால் உயரக் கன்றே நிலத்தில் விரைவாக வேர்பிடித்துப் பெரிய கன்றை எட்டிப் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைக்கு நீர் தவறக்கூடாது. அன்றாடம் சிறிது தெளிப்பதைவிட, நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விடுவதும், குடை விரிய விரிய நீர்விடும் வட்டத்தையும் வெளியே நகர்த்துவதும் வேரை ஆழமாகவும் அகலமாகவும் இழுத்துச் செல்லும்.

கிளைரிசிடியா, அகத்தி, துவரை போன்றவை காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்தி அருகிலுள்ள மரத்துக்கு ஊட்டுகின்றன என்று சொல்லப்படுகிறது. பாதி உண்மை. வேர் முடிச்சுகளிலுள்ள ரைசோபியம் நுண்ணுயிர் தழைச்சத்தைச் சேர்ப்பது உண்மைதான், ஆனால் உயிரோடு நிற்கும் செடி அதன் பெரும்பகுதியைத் தன் இலைக்கும் விதைக்குமே வைத்துக்கொள்கிறது. கிளையை வெட்டி மாமரத்தடியில் போட்டு, அந்த இலை மக்கும்போதும், வெட்டியதால் மடிந்த மெல்லிய வேர்கள் மண்ணில் அழுகும்போதும்தான் பக்கத்து மரத்துக்கு உரம் போய்ச் சேர்கிறது. வெட்டாமல் விட்ட கிளைரிசிடியா நிழலைத்தான் தரும், உரத்தைத் தராது. முருங்கை இந்த வகையைச் சேர்ந்ததில்லை; அது தழைச்சத்தை நிலைநிறுத்தாது, ஆனால் போத்து நட்ட ஓராண்டுக்குள் காயும் கீரையும் தருவதால் இளங்காட்டில் அதற்கு நல்ல இடம் உண்டு.

மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையான காலம்தான் பெரும்பாலான உணவுக் காடுகள் வழிதவறும் காலம். முதல் இரண்டு ஆண்டுகளின் செழிப்பைக் கண்டு மகிழ்ந்தவருக்கு அரிவாளை எடுக்க மனம் வராது. அடையாளங்களோ தெளிவாகவே இருக்கும். கொய்யா ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளிச்சத்தைத் தேடி நீண்ட கொம்பு விடும். எலுமிச்சையின் உள்கிளைகள் இலை உதிர்த்துக் காயும். மாவில் தளிர் வரும், பூ வராது. தரையில் சர்க்கரைவள்ளி கொடியாக மட்டும் ஓடி, அடியில் கிழங்கு வைக்காது. நண்பகலில் தரையைப் பாருங்கள். ஆங்காங்கே வெயில் பொட்டுகள் சிதறிக் கிடந்தால் சரி. நிழல் ஒரே பரப்பாக மூடியிருந்தால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று போக வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று பொருள். எது போக வேண்டும் என்பதற்கு வெட்டும் பட்டியல் கையில் இருந்தால் அன்றைக்கு மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. பப்பாளி மூன்று நான்கு ஆண்டுகளில் உயரமாகி, காய் சிறுத்து, எப்படியும் போகும். கிளைரிசிடியாவை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மார்பளவுக்குக் கழித்து, ஆறாம் ஆண்டுவாக்கில் அடியோடு அகற்றலாம், அல்லது ஒன்றிரண்டை மட்டும் மிளகுக் கொடிக்குத் தாங்குமரமாக நிறுத்தலாம். சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரேசிலின் பாகியா மாநிலத்தில் நலிந்த நிலத்தை 1980களிலிருந்து காடாக மாற்றிய எர்ன்ஸ்ட் கோட்ச் என்பவரின் முறையில் கவாத்தே மையமான வேலை. வெட்டுவதும், வெட்டியதை அங்கேயே மண்ணில் பரப்புவதும் அடுத்த வளர்ச்சியைத் தூண்டும் என்ற புரிதலில் அது நிற்கிறது. சிறிய கொல்லைக்கும் இது பொருந்தும்.

கவாத்து எல்லா மரத்துக்கும் ஒன்றுபோல் இல்லை. மா முதிர்ந்த கொம்பின் நுனியில் பூப்பதால், அறுவடை முடிந்தவுடன் கவாத்து செய்துவிட வேண்டும். தாமதித்தால் புதுத்தளிர் முதிராமல் அடுத்த பருவம் வீணாகும். கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும், ஆகவே அதை நுனி வெட்டுவதே காய்ப்பைத் தூண்டும் வேலை. முருங்கையை ஆண்டுக்கொருமுறை இடுப்பளவுக்கு வெட்டினால் காய் கைக்கு எட்டும். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பதால் உச்சியை வெட்டி உயரத்தை அடக்கினாலும் இழப்பு குறைவு. சிறிய இடத்தில் பலா வைக்கத் துணிபவருக்கு இது பெரிய ஆறுதல். எலுமிச்சைக்குக் காய்ந்த கொம்பையும் நடுவில் நெட்டாக எழும் இளங்கொம்பையும் நீக்கினால் போதும். கடும் கோடையில் பெரிய வெட்டு எதுவும் வேண்டாம். அதுவரை நிழலில் இருந்த பட்டை திடீர் வெயிலில் வெடிக்கும்.

வாழையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விட்டால் அது தோட்டத்தையே பிடித்துக்கொள்ளும். ஒரு குத்தில் குலை தள்ளப் போகும் தாய் ஒன்று, பாதி வளர்ந்தது ஒன்று, இளங்கன்று ஒன்று என்று மூன்றை மட்டும் விடுங்கள். எந்தக் கன்றை விடுவது என்பதற்கு இலையைப் பார்க்க வேண்டும்: ஒடுங்கி ஈட்டிபோல் இருக்கும் இலையுடைய கன்று தாய்க்கிழங்கோடு ஆழமாகப் பிணைந்தது, வலுவான குலை தரும்; சிறு வயதிலேயே அகன்ற இலை விரிக்கும் நீர்க்கன்று பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. குலை வெட்டிய பிறகு தண்டைத் துண்டுகளாக்கி மரங்களின் அடியில் போட்டால் ஈரத்தை நெடுநாள் தேக்கி வைக்கும்.

நிழல் கூடக் கூடத் தரையில் இருப்பவையும் மாற வேண்டும். சர்க்கரைவள்ளியும் பூசணியும் விடைபெறும் இடத்தில் மஞ்சள், இஞ்சி, சேனை, சேம்பு ஆகியவை இளநிழலில் நன்றாக வரும். ஈரமான மூலையில் வல்லாரை படரும். கறிவேப்பிலை ஓரளவு நிழலைத் தாங்கும், ஆனால் வெயிலில்தான் தழைக்கும். கொடிகளை மரத்தில் ஏற்றுவது படத்தில் அழகாக இருந்தாலும், பாஷன் பழக்கொடி இரண்டே ஆண்டில் ஒரு கொய்யாவை மூடி மூச்சுத் திணறவைக்கும். அதற்கு வேலியே உரிய இடம். வேரூன்றி ஏறும் மிளகும் வெற்றிலையும் மட்டுமே மரத்துக்கு ஏற்றவை, அதுவும் மரம் ஐந்தாண்டு வளர்ந்த பிறகு.

பலன் கிடைக்கும் காலம்: கீரை ஒரு மாதத்தில், பப்பாளி பத்து மாதத்தையொட்டி, வாழை ஓராண்டைச் சற்று முன்பின்னாக, ஒட்டுக்கொய்யா இரண்டாம் ஆண்டில், ஒட்டுமா மூன்று நான்கு ஆண்டில், விதையில் வளர்ந்த பலா ஐந்து முதல் எட்டு ஆண்டில். மாவில் முதல் இரண்டு ஆண்டு வரும் பூவைக் கிள்ளிவிடுவது மரத்துக்கு நல்லது.

பராமரிப்பே தேவைப்படாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். உழுவதும் களை எடுப்பதும் நீர் பாய்ச்சுவதும் ஐந்தாறு ஆண்டுகளில் பெரிதும் குறையும். அவற்றின் இடத்தில் கவாத்தும் அறுவடையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அறுவடையைச் சிறிய வேலை என்று எண்ணாதீர்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்காவிட்டால் பழ ஈ பெருகும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரக்கூடும். இதனால்தான் வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு மூன்று மீட்டருக்கு அடர்த்தி இல்லாமல் வைத்து, தோட்டத்தின் கடைசி மரம் வரை காலடி தெரியும் பாதை ஒன்றை முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். பாதை ஒரு மீட்டர் அகலம் இருக்கட்டும். தள்ளுவண்டி நுழையாத தோட்டத்தில் மூடாக்கு கடைசி மூலைக்குப் போய்ச் சேராது.

தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றை எந்த அடுக்கில் வைப்பது என்று பலர் கேட்பதுண்டு. எந்த அடுக்கிலும் இல்லை. அவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும், முதிர்ந்த காட்டுக்குள் அது கிடைக்காது. கிழக்கு ஓரத்தில் சமையலறைக்கு அருகே 20 சதுர மீட்டரை அவற்றுக்கென்றே பிரித்து, அந்த எல்லைக்குள் குடை நீட்டக்கூடிய எந்த மரத்தையும், இலவசமாகக் கிடைத்த கன்றானாலும், நடாதீர்கள்.